அசையாத பிள்ளை

தூத்துக்குடி
12-8-1944

என் மகள் தேவமணிக்கு அம்மா ஞானவடிவு எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் எழுந்து நடமாடுகிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை எஸ்றாவும் பேரன் எபநேசரும் எப்படி இருக்கிறீர்கள்? சுகம் என்று ஒரே வார்த்தையில் ஒப்பேற்றாதே. பல் வந்ததா, தவழ்கிறானா, எல்லாம் எழுது.

நிற்க. பிள்ளை இரவில் சிணுங்குகிறான் என்று எழுதியிருந்தாய். நீ கோயம்புத்தூருக்கு ரயில் ஏறின அன்றைக்கே உரைகல்லை எடுத்துப் போ என்றேன். "அவரு வேல பாக்குற சினிமா ஸ்டுடியோவுல டாக்டர் இருக்காரும்மா, கல்லையும் கட்டையையும் எவ சுமப்பா" என்றாய். அன்றைக்கு நீ பச்சைப் புடவை உடுத்தியிருந்தாய். நான் மறக்கவில்லை. இப்போது அந்தக் கல்லைத்தான் பார்சலில் அனுப்புகிறேன். என் அம்மா எனக்குக் கொடுத்த கல். கூடவே கடுக்காய், மாசிக்காய், பிள்ளை வளர்ப்பான், முழுசாக ஒரு சாதிக்காய். பிள்ளையைக் குளிப்பாட்டினதும் தாய்ப்பாலை விட்டு ஒவ்வொன்றையும் கல்லில் ஒரு இழுப்பு இழுத்து நாக்கில் தடவு. தூங்க வைப்பது சாதிக்காய்தான். அதில் கை நீளக் கூடாது. ஒரே இழுப்பு. ஒரு பிள்ளைக்கு அந்தக் காய் ஒரு வருஷம் தாண்டி வரும்.

பார்சலில் கறுப்புக் கயிறு ஒன்று இருக்கும். அது அடுத்த வீட்டு மிக்கேலம்மாள் கொடுத்தது. அவள் மகள் செல்லக்கிளிக்கு உன் பக்கத்து வீட்டில் பெண் பிறந்திருக்கிறதே, அந்தப் பிள்ளைக்கு. சலாபத்தில் அவள் புருஷன் முத்துக் குளித்த காலத்துச் சிப்பியைக் காசு மாதிரி வட்டமாக அறுத்துக் கோத்திருக்கிறாள். கையெல்லாம் கீறல். "ஏக்கா, பட்டாளத்துக்காரன் ஏறவே ரயில்ல எடமில்லங்கான். நான் எப்பப் போயி எம் பேத்தி மொகத்தப் பாக்க? இத அவ கால்ல கட்டச் சொல்லி எழுது" என்று நின்றாள். கட்டிவிட்டு எழுது. செல்லக்கிளிக்கு எழுத வராது, இவளுக்குப் படிக்க வராது. நீ எழுதி நான் வாசித்தால்தான் உண்டு.

இப்படிக்கு,
அம்மா ஞானவடிவு

*

கோயம்புத்தூர்
30-8-1944

அன்புள்ள அம்மா அவர்களுக்கு மகள் தேவமணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே மூவரும் நலம். எபநேசருக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. தவழ்கிறான் என்பதைவிட ஓடுகிறான் என்றே சொல்லலாம். உங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள்.

பார்சல் வந்தது. அன்றிலிருந்து நன்றாகத் தூங்குகிறான். நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. போதுமா?

கயிற்றைச் செல்லக்கிளியின் பிள்ளைக்குக் கட்டிவிட்டோம். சின்னக் காலில் பளபளவென்று இருக்கிறது. மெலிந்த பிள்ளை. ஆனால் சிரித்த முகம். அவள் புருஷன் மனுவேல் பட்டாளத்துக்குப் போனதிலிருந்து கடிதம் இல்லை. செல்லக்கிளி மறுபடி மில்லுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். பகலில் பிள்ளை என்னிடம்தான்.

ஒரு சேதி. உங்கள் மருமகனுக்குச் சோறு கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். அவர் ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். படக் கம்பெனி மானேஜர் எபநேசரைப் பார்த்துவிட்டு, "யார் பிள்ளை? நல்லா அழுவானா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். பிறகு எழுதுகிறேன்.

உங்கள் மகள்,
தேவமணி

*

தூத்துக்குடி
8-9-1944

தேவமணிக்கு அம்மா எழுதுவது. வேப்பெண்ணெய் தேய்த்தேன். குறையவில்லை.

பிறகு எழுதுகிறேன் என்று நீ எழுதினால் எதையோ மறைக்கிறாய் என்று அர்த்தம். சின்ன வயதில் கடற்கரைக்குப் போனதை மறைக்கவும் இப்படித்தான், "பொறவு சொல்லுதேன்" என்பாய். பிள்ளை அழுவானா என்று ஒரு ஆண்பிள்ளை எதற்குக் கேட்கிறான்? சிரிப்பானா என்று கேட்டால் எனக்குப் புரியும். நேராக எழுது.

மிக்கேலம்மாளுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சிரித்த முகம் என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

அம்மா

*

கோயம்புத்தூர்
25-9-1944

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். நீங்கள் கோபப்படாமல் வாசிக்க வேண்டும்.

எபநேசர் படத்தில் நடித்துவிட்டான். நாட்டைப் பறிகொடுத்த ராணி கைப்பிள்ளையோடு காட்டில் அலைகிற கதை. பிள்ளை பசியில் அழ வேண்டும். காலையிலிருந்து பால் கொடுக்காமல் கூட்டி வா என்றார்கள். உள்ளே போனால் சன்னல் எல்லாம் சாக்கு போட்டு அடைத்திருந்தது. வெளிச் சத்தம் வரக் கூடாதாம். கரி விளக்கு நாலு பக்கமும் சீறிக்கொண்டு எரிகிறது. என் கண்ணே எரிந்து நீர் கொட்டியது. ராணி மடியில் அவனைப் போட்டு, பால் புட்டியைக் காட்டினார்கள். வாயருகே கொண்டுபோய்ப் பிடுங்கிவிட்டார்கள். அவன் என்னைத் தேடினான். "அம்மா, நீங்க அவனப் பாத்துக்கிட்டே பின்னால நடந்து கதவுக்கு வெளிய போங்க" என்றார் மானேஜர். நடந்தேன். வெளியே நின்று கேட்டேன். அப்படி அவன் அழுது நான் கேட்டதில்லை. எல்லாரும் பிரமாதம் என்றார்கள். உங்கள் மருமகன் மேலே விளக்கருகில் நின்றார். இறங்கி வந்ததும் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

யுத்தத்தால் படச்சுருள் அளந்துதான் கிடைக்கிறதாம். ஒரு காட்சியை மறுபடி எடுக்க வழியில்லை. அதனால் பிள்ளையை முதலிலேயே தயார் பண்ணிவிட வேண்டும் என்பது மானேஜர் பேச்சு.

இன்னும் ஒரு காட்சிதான் பாக்கி. மழையில் பிள்ளை இறந்துவிடுகிறது. ராணி அதை மடியில் வைத்து ஒரு பாட்டு முழுக்கப் பாடுகிறாள். அது முடியும்வரை பிள்ளை அசையக் கூடாது. பொம்மையை வைத்தால் என்ன என்று கேட்டேன். தூரத்துக்குப் பொம்மைதான், கிட்டத்தில் எடுக்கும்போது பொம்மை செத்த மாதிரி இருக்காது, பொம்மை மாதிரிதான் இருக்கும் என்கிறார். அம்மா, அந்த வெக்கையிலும் சத்தத்திலும் அவன் அயர்ந்து தூங்கச் சாதிக்காயைக் கொஞ்சம் கூட்டலாமா? விவரம் எழுதுங்கள். உங்கள் மருமகனுக்கு இங்கேயே வேலை நிரந்தரமாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

தேவமணி

*

தூத்துக்குடி
1-10-1944

தேவமணிக்கு.

என் சுகத்தை நீ கேட்க வேண்டாம். நான் சொல்வதை உட்கார்ந்து வாசி.

உனக்கு முன்னால் எனக்கு ஒரு மகன் பிறந்தான். ஜெயசீலன் என்று பேர். உனக்குத் தெரியும். எப்படிச் செத்தான் என்பது தெரியாது. உன் அப்பா சொல்ல விடவில்லை. நாசரேத்தில் உன் அத்தை கிருபாபாய் கல்யாணம். மறுநாள் போட்டோ எடுக்கப் பாளையங்கோட்டையிலிருந்து ஒருவன் வந்தான். பெட்டி மேல் கறுப்புத் துணியை மூடிக்கொண்டு, அசையாதீங்க, மூச்சு விடாதீங்க என்றான். உன் அண்ணன் கைகால் உதறுகிற பிள்ளை. நான் தலை சீவப் போயிருந்தேன். வந்து பார்த்தால் பிள்ளை கிருபாபாய் மடியில் சாமி மாதிரி இருக்கிறான். "மைனி, நான் எப்படித் தூங்க வச்சேன் பாத்தியா" என்றாள். மஞ்சள் பட்டு உடுத்தி, தலையில் தாழம்பூ வைத்திருந்தாள். அவள் வாயிலிருந்து வந்த வாசனைகூட எனக்கு நினைவிருக்கிறது, ஏலக்காய். கடுகளவு அபினி கொடுத்திருக்கிறாள், போட்டோ நன்றாக வர வேண்டும் என்று.

நன்றாகத்தான் வந்தது. அந்தப் போட்டோவில் எல்லார் முகமும் கொஞ்சம் கலங்கியிருக்கும், மூச்சு விட்டிருக்கிறார்கள். பிள்ளை முகம் மட்டும் ஊசி முனை மாதிரித் தெளிவாக இருக்கும். பிள்ளை அப்புறம் கண் திறக்கவில்லை. கேட்ட ஊருக்கெல்லாம் கிருபாபாய், "காச்ச, காச்ச கண்டுட்டு" என்று சொன்னாள். முப்பத்தாறு வருஷமாக அவள் வீட்டுத் தண்ணீர் நான் குடித்ததில்லை. என் முன்னால் வந்து நின்று ஒரு வார்த்தை அவள் சொன்னதும் இல்லை.

என் பேரன் அந்த விளக்குக்குக் கீழே இனிப் போகக் கூடாது. சாதிக்காய் அபினி இல்லை. ஆனால் அளவு மீறினால் அதுவும் அபினிதான். மீறிப் போனாய் என்றால் உனக்கு அம்மா இல்லை. மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு.

ஞானவடிவு

*

கோயம்புத்தூர்
14-10-1944

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, ஸ்தோத்திரம். நலம். உங்கள் நலத்துக்கு ஜெபிக்கிறேன்.

அண்ணனைப் பற்றி வாசித்து அழுதேன். உங்கள் சொல்லை மீறவில்லை. எபநேசர் இனிப் படத்துக்கு வரமாட்டான் என்று மானேஜரிடம் சொல்லிவிட்டோம். அவர் முகம் சுளித்தார். பிறகு சரி என்றுவிட்டார். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

சும்மா ஒரு சந்தேகம். இரண்டு மாதப் பிள்ளைக்குச் சாதிக்காய் கொடுக்கலாமா? கொடுத்தால் எத்தனை இழுப்பு? தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

தேவமணி

*

தூத்துக்குடி
17-10-1944

தேவமணி,

உன் பிள்ளைக்கு எட்டு மாதம். இரண்டு மாதப் பிள்ளை யாருடையது?

கொடுக்கக் கூடாது. ஒரு இழுப்பும் கூடாது. முகர்ந்துகூடப் பார்க்க விடாதே. இந்தக் கடிதத்தைத் தபாலாபீசுக்கு நானே நடந்துபோய்ப் போடுகிறேன். கிடைத்ததும் ஒரு கார்டு போடு.

அம்மா

*

தூத்துக்குடி
20-11-1944

தேவமணிக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன்.

கார்டு வரவில்லை. தபால்காரன் தெருவில் திரும்பும்போதே மிக்கேலம்மாள் வாசலுக்கு வந்துவிடுகிறாள். "என்னக்கா, நம்ம பிள்ளைக லெட்டர் போடாம இருக்குதுவோ?" என்கிறாள். மழை என்றேன். யுத்தம் என்றேன். நேற்று அவள், "ஒனக்குத்தானேக்கா அவ்வளவு ஞாபகம். எம் பேத்திக்கு என்ன பேரு வச்சாவன்னு எழுதியிருந்தாளா?" என்று கேட்டாள். நீ எழுதவே இல்லை.

கடலில் பெரிய காற்று. தோணிகளைக் கரையேற்றிவிட்டார்கள். எனக்கு உறக்கம் இல்லை. எழுது.

அம்மா

*

கோயம்புத்தூர்
2-12-1944

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, ஸ்தோத்திரம். எபநேசர் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். செல்லக்கிளியின் பிள்ளையைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார். காய்ச்சல். இந்த ஊர்ப் பனியில் நிறையப் பிள்ளைகளுக்கு வருகிறது. செல்லக்கிளி மில்லுக்குப் போய்விட்டு வருகிறாள், சுவரைப் பார்த்து உட்காருகிறாள். என்னோடு பேசுவதில்லை. அவளுக்குத் துக்கம். பிள்ளைக்குப் பேர் ஆரோக்கியமேரி. கோயில் கல்லறையில்தான் அடக்கம் செய்தோம். கம்பெனியிலிருந்து மாலை வந்தது.

மிக்கேலம்மாளுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். காய்ச்சல் என்று சொல்லுங்கள்.

தேவமணி

*

தூத்துக்குடி
9-12-1944

தேவமணி,

சொன்னேன். காய்ச்சல் என்றுதான் வாசித்தேன். கிருபாபாய் சொன்ன அதே வார்த்தையை என் வாயால் சொன்னேன். மிக்கேலம்மாள் சத்தம் போட்டு அழவில்லை. "மொகத்தப் பாக்கலையே அக்கா" என்றாள். அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

படக் கம்பெனிக்காரன் மில்காரி பிள்ளைக்கு எதற்கு மாலை அனுப்புகிறான் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

பிள்ளை செத்தது என்றைக்கு என்று நீ எழுதவில்லை. எனக்கு நீ ஒன்றே ஒன்று சொன்னால் போதும். ஒரு இழுப்பும் கூடாது என்று எழுதின என் கடிதம் வந்து சேர்வதற்கு முன்னாலா, பின்னாலா?

என் அம்மாவின் கல்லைத் திருப்பி அனுப்பு. மிச்சம் இருக்கிற காயையும் அதோடு வை.

ஞானவடிவு

*

தூத்துக்குடி
18-4-1945

தேவமணிக்கு ஞானவடிவு எழுதுவது. நடக்கிறேன். பேரன் நடக்கிறானா?

பார்சல் ஜனவரியிலேயே வந்தது. கல் இருந்தது, காய் இருந்தது, கடிதம் இல்லை. நான் கேட்டதற்கு அதுதான் பதில் போலிருக்கிறது என்று மூன்று மாதமாக நானும் எழுதவில்லை. இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

படம் இங்கே வந்திருக்கிறது. மிக்கேலம்மாள்தான் ஓடிவந்தாள். "ஏக்கா, ஒம் பேரன் அழுத படம் வந்துருக்காம், வா பாத்துட்டு வருவோம்" என்றாள். நான் பயாஸ்கோப்புக் கொட்டகைக்குள் கால் வைத்தவள் இல்லை. கோயில் பாதிரி ஐயருக்குத் தெரிந்தால் கேட்பார். கேட்கட்டும் என்று போனேன். மணலில் உட்கார்ந்தோம்.

எபநேசர் வந்தான். அவ்வளவு பெரிய முகமாக அவனை அப்போதுதான் பார்த்தேன். பிள்ளை பாலைப் பார்த்தான், பிறகு எங்கேயோ பார்த்தான். அது உன்னைத்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். அழுதான். கொட்டகை முழுக்க உச்சுக் கொட்டியது. அப்புறம் மழை. ராணி மரத்தடியில் உட்கார்ந்து பாடுகிறாள். மடியில் பிள்ளை பாதியாகச் சிறுத்துப் போயிருந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒருத்தி, "பட்டினியில எப்பிடி வத்திப் போச்சு பாரேன்" என்று மூக்கைச் சிந்தினாள். வேறு பிள்ளை என்று யாருக்கும் படவில்லை.

ராணி நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் தலைமுடி ஆடியது, முந்தானை ஆடியது, பின்னால் மரக்கிளை ஆடியது. பிள்ளை முகம் மட்டும் ஊசி முனை மாதிரித் தெளிவாக இருந்தது.

பாட்டின் கடைசியில் துணி விலகி ஒரு கால் வெளியே வந்தது. காலில் வட்டமாக ஒன்று மின்னியது. மிக்கேலம்மாள் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்துவிட்டது.

"அக்கா, அது நான் அறுத்த சிப்பிச் சில்லுல்லா. அது எம் பேத்தில்லா."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். பக்கத்தில் இருப்பவர்களை எல்லாம் தட்டித் தட்டிச் சொல்லுகிறாள். "எப்படி அசந்து தூங்குதா பாருங்க. அவ அம்மையும் சின்னதுல இப்படித்தான் தூங்குவா, இடி இடிச்சாலும் முழிக்க மாட்டா." வெளியே வந்ததும் என்னிடம், "மொகம் பாக்கலையேன்னு கெடந்தேன். காச்ச வாரதுக்கு முந்தியே எடுத்து வச்சுட்டாவளே, அந்த மவராசமாரு நல்லா இருக்கட்டும். ஒம் மவதான் கூட்டிட்டுப் போயிருப்பா. அவளுக்குக் கோடிப் புண்ணியம்" என்றாள்.

தேவமணி, அவள் உன்னை வாழ்த்துகிறாள். தினமும் சாயந்தரம் முகம் கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போகிறாள். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன்கூட அவளைப் பார்த்ததும், "வா பாட்டி, பேத்தி இன்னும் வரல, இப்பதான் ராசா செத்துருக்கான்" என்கிறான். அவள் பாட்டு முடிகிறவரை இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறாள். என்னையும் கூப்பிடுகிறாள். நானும் போகிறேன். அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் உட்காரவும் முடியவில்லை.

நீ அனுப்பின சாதிக்காயை மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வருஷம் தாண்டி வரும் என்று கொடுத்த காய் பாதிக்கு மேல் இல்லை. எபநேசர் நாக்கில் தினம் ஒரு இழுப்பு தடவினால் இவ்வளவு தேயாது. ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருக்கிறது, ஒரே மூச்சில் உரசின மாதிரி. கையில் வைத்துப் பார்த்தால் இந்தக் காய் எனக்கு எல்லாம் சொல்லுகிறது. முன்னாலா பின்னாலா என்பதை மட்டும் சொல்லவில்லை. என் பேரன் வேண்டாம் என்று நான் சொன்னேன். அவன் இடத்தில் அந்தப் பிள்ளையைப் படுக்க வைக்கச் சொல்லவில்லை.

நான் மிக்கேலம்மாளிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவள் நீ. வா. செல்லக்கிளியையும் கூட்டிக்கொண்டு வா. அவள் அம்மா முன்னால் நின்று உன் வாயால் சொல். அவள் உன்னை அடிக்கலாம், மண்ணை வாரித் தூற்றலாம். நான் குறுக்கே வரமாட்டேன்.

கிருபாபாய் கொடுத்தனுப்பின அந்தக் கல்யாணப் போட்டோ உன் அப்பா பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. வந்த நாளிலேயே முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தேன். இன்றுவரை நிமிர்த்தவில்லை. நீயும் எஸ்றாவும் எடுத்த கல்யாணப் போட்டோ சுவரில் இன்னும் நேராகத்தான் மாட்டியிருக்கிறது.

மிக்கேலம்மாள் வாசலில் நின்று கூப்பிடுகிறாள். படம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் ஓடுமாம்.

ஞானவடிவு